கட்டில் நடந்த தூரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பியின் கட்டில் முந்தாநாள் ராத்திரி தானே கிளம்பி, வாசல்படி இறங்கி, தேரடி தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குள் போய், ராஜபாளையம் பஸ் நிற்கிற இடத்தில் நின்றது. நம்பி அதன்மேல் படுத்தது படுத்தபடியே போனார். போர்வைகூட விலகவில்லை. டீக்கடைக்காரர் வந்து, "அண்ணாச்சி, இது பஸ் வர்ற இடம், செத்த ஓரமாப் படுங்க" என்று தட்டி எழுப்பிய பிறகுதான் கட்டிலைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

இதைச் சொன்னவர் நம்பியேதான்.

"கட்டிலுக்கு டிக்கெட் போட்டீரா?" என்று டயாலிசிஸ் சென்டரில் பக்கத்துக் கட்டிலில் இருந்து சேக் முகைதீன் கேட்டார்.

"நான் ரிட்டயர்டு ஸ்டாஃப் பாய். என் கட்டிலும் ஸ்டாஃப்தான்."

"புளுகு."

சேக் முகைதீன் இந்த ஒரு சொல்லை லாரிக்கு எடை சொல்வது போலத்தான் சொல்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். சத்திரப்பட்டி ரோட்டில் எடைமேடை வைத்திருந்த மனுஷன். இப்போது அதை மகன் ஜாபிர் பார்த்துக்கொள்கிறான்.

நம்பி அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே அவர் போட்ட நடையை எல்லாம் நீட்டி வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு, கடைசி வண்டியில் திரும்பியிருக்கலாம். ஓய்வு பெற்ற கையோடு சர்க்கரை வந்தது. சர்க்கரை மெல்லக் கிட்னியைத் தின்றது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ராஜபாளையத்து டயாலிசிஸ் சென்டரில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். கையில் இரண்டு ஊசியைக் குத்தி, உடம்பிலுள்ள ரத்தத்தை எல்லாம் மிஷினுக்குள் சுற்றுலா அனுப்பிக் கூட்டி வருவார்கள். பக்கத்துக் கட்டில் சேக் முகைதீனுக்கும் அதே நாள், அதே நேரம். எத்தனையோ மாதமாக ஒருவர் புளுக, ஒருவர் மறுக்க, நாலு மணி நேரம் நல்லபடியாகக் கழிந்து வந்தது.

நம்பி புளுகுவார் என்பது தாலுகா முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனால் இந்தக் கட்டில் கதைக்கு அடியில் ஓர் உண்மை கிடந்தது. அவருக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. படுத்து, கண் சொக்குகிற நேரம் பார்த்து, முழங்காலுக்குக் கீழே ஒன்று தொடங்கும். வலி என்று சொல்ல முடியாது. அரிப்பும் இல்லை, மரத்துப்போவதும் இல்லை. எலும்புக்குள்ளே யாரோ குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, எழுந்திரு எழுந்திரு என்று நச்சரிப்பது போல ஒன்று. காலை ஓர் உதறு உதறினால் அடங்கும். அடங்கிவிட்டதே என்று கண்ணை மூடினால் மறுபடி நச்சரிக்கும். எழுந்து நடந்தால் போய்விடும். படுத்தால் வந்துவிடும். கோழி கூவும் வரை வீட்டுக்குள்ளேயே நம்பி நடந்த நடையில் தரை பள்ளம் விழுந்து, அதில் தண்ணீர் விட்டால் நாற்று நடலாம் என்கிற நிலைமை.

இதற்குத் தமிழில் என்ன பேர் என்று நம்பிக்குத் தெரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

டாக்டர் ஜனார்த்தன் மதுரையிலிருந்து வாரத்தில் ஒரு நாள் வருவார். நல்ல மனுஷர், சின்ன வயது, நிற்க நேரம் இல்லாதவர். முதல் வாரம் நம்பி, "கால் குடையுது டாக்டர்" என்றார். குடைச்சல் என்றால் வலி என்று டாக்டர் எடுத்துக்கொண்டு, கிட்னிக்குக் கெடுதல் செய்யாத தைலம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். நம்பி தேய்த்த தேய்ப்பில் தெருவில் சளி பிடித்திருந்த அத்தனை பேருக்கும் குணமாயிற்று. கால் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம், "உள்ளுக்குள்ள எறும்பு ஊருது டாக்டர்" என்றார். டயாலிசிஸ்காரர்களுக்கு அரிப்பு சகஜம்தான் என்று லோஷன் வந்தது.

அதற்கடுத்த வாரம் யோசித்து யோசித்து, "காலு நடக்கச் சொல்லுது டாக்டர்" என்றார்.

"நல்லதுதானே. நடங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். சிஸ்டர் பானுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உள்ளதை உள்ளபடி சொன்னால் தைலமும் லோஷனும்தான் கிடைக்கிறது என்று கண்ட பிறகே நம்பி சொல்லைப் பெரிதாக்கத் தொடங்கினார். அவருடைய கால்கள் தனியாக மம்சாபுரம் போய் வந்தன. அய்யனார் கோவில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து போர்வையை நனைத்தன. பிளவக்கல் அணையில் தண்ணீர் எம்புட்டு நிற்கிறது என்று பார்த்து வந்து சொல்லின. கடைசியில் கட்டிலே கிளம்பிவிட்டது. ஒவ்வொரு கதையும் டாக்டர் காதில் விழட்டும் என்று சத்தமாகச் சொல்லப்பட்டது. டாக்டர் நின்று ரசித்தார். ரசித்த கதைக்கு எவரும் மருந்து எழுதுவதில்லை என்பது நம்பிக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டில் சாட்சிக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் மனைவி வஞ்சுளவல்லி, தலை தலையணையைத் தொடுவதற்குள் பாதித் தூக்கம் தூங்கி முடித்துவிடுகிறவள். தன் கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கு நடுவே தூங்கிவிட்டாள் என்று நம்பி சொல்வதில் கால்வாசி உண்மை உண்டு. காலையில் எழுந்து பார்த்தால் கட்டில் சுவரை விட்டு விலகிக் கிடக்கும்.

"ஃபேன் காத்துக்காகத் தள்ளிப் போட்டுக்கிட்டீகளாக்கும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி சுவரோடு சேர்த்து வைப்பாள். அவ்வளவுதான் அவள் சாட்சியம்.

பஸ் ஸ்டாண்டுக் கதையைச் சொன்ன அன்று டாக்டர் நம்பியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"பாய், நீங்க சொல்லுங்க. இவர் தூங்குறதே இல்லைங்கிறார். நிஜமா?"

டாக்டருக்கு சேக் முகைதீன் மேல் ஒரு தனி மதிப்பு. தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் மற்றவர்கள் எல்லாம் "கொஞ்சம்" என்பார்கள். இவர் ஒருவர்தான், "நேத்து கூடிப்போச்சு டாக்டர், கல்யாண வீட்டுல சர்பத்து" என்பார்.

"தூங்குதாரு" என்றார் சேக் முகைதீன். "மிஷின்ல போட்ட செத்த நேரத்துல தூங்கிருதாரு. அந்தக் குறட்டையில என்னால நிம்மதியா ஓத முடியல."

அதிலும் பொய் இல்லை. ராத்திரி முழுக்க நடந்த உடம்பு, காலையில் மெத்தையைக் கண்டதும் சாய்ந்துவிடும். சில நாள் நம்பியின் குறட்டைக்குப் பயந்து மிஷினே அலாரம் அடித்ததுண்டு.

"அப்படிச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "பகல்ல இப்படித் தூங்கினா ராத்திரி எப்படித் தூக்கம் வரும்? மத்தியான ஷிப்டுக்கு மாறிக்கோங்க. காலையில படுக்காதீங்க. சரியாயிரும்."

டாக்டர் போனதும் நம்பி பாயைப் பார்த்தார். பாய் கூரையைப் பார்த்தார்.

"ஏன் பாய் இப்படிக் கவுத்துட்டீரு?"

"கேட்டாக. சொன்னேன்."

"தராசு முள்ளுக்குப் பொறந்த பிள்ளையில்லா நீரு."

அடுத்த வாரம் நம்பி மத்தியான ஷிப்டுக்கு வந்து பார்த்தால், பக்கத்துக் கட்டிலில் சேக் முகைதீன் படுத்திருக்கிறார்.

"நீரு எங்கவே இங்க?"

"ஜாபிருக்குக் காலையில தோதுப்படல. லோடு கூடிப்போச்சு."

அந்த நேரம் வாசல் பக்கம் ஜாபிர் பானுப்பிரியாவிடம், "வாப்பா எதுக்கு மாத்தச் சொன்னாகன்னு எனக்கே தெரியலக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தது நம்பி காதில் விழுந்தது. பொய்யே பேசாத மனுஷர் பேசிய முதல் பொய், அதுவும் எவ்வளவு கச்சிதமாக என்று, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்ப்பது போல நம்பி மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

காலை ஷிப்டில் தூங்கவாவது முடிந்தது. மத்தியானம் போட்டால் பொழுது சாயும்போதுதான் பாதிக்கு மேல் வரும். கால் கிளம்புகிற நேரமும் அதுதான். ஊசி குத்திய கை அசையக் கூடாது. கால் அசையாமல் இருக்காது. இடுப்புக்கு மேலே கற்சிலை, இடுப்புக்குக் கீழே ஆடிப்பூரத் திருவிழா. இரண்டுக்கும் நடுவே நம்பி.

"பானு, எடுத்து விட்டுரு தாயி" என்றார் முதல் நாளே.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குப்பா. பாதியில எடுத்தா தண்ணி உள்ளயே நின்னுக்கிடும்."

"நிக்கட்டும். காலு நிக்கமாட்டேங்குதே."

மறுநாள் காலையில் மூச்சு முட்டியது. படுக்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வீங்கிக் கண் இடுங்கிப்போனது. அடுத்த தடவையும் பாதியில் இறங்கினார். டாக்டர் போனில் வந்தார்.

"நம்பி ஐயா, இப்படியே பண்ணினீங்கன்னா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். அப்புறம் வென்டிலேட்டர்தான். விளையாட்டில்ல இது."

இதில் மிகை ஒன்றும் இல்லை என்பது, மிகையிலேயே வளர்ந்த நம்பிக்குக் கேட்டவுடன் தெரிந்துவிட்டது.

எனவே அதற்கடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மணி நேரமும் படுப்பது என்று படுத்தார். சென்டர் கட்டிலுக்குச் சக்கரம் உண்டு. சக்கரத்துக்குப் பிரேக் உண்டு. அன்று நம்பிக்கு வாய்த்த கட்டிலின் பிரேக், சில வீட்டு மாப்பிள்ளை மாதிரி, பேருக்கு இருந்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகும் நேரம் காலுக்குள் நச்சரிப்பு தொடங்கியது. ஓர் உதறு உதறினார். ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும் பழைய பஸ் போலக் கட்டில் ஒரு குலுங்கு குலுங்கிற்று. இன்னோர் உதறல், இன்னொரு குலுங்கல். நூல் நூலாக, விரல் விரலாக, கட்டில் கால்மாட்டுப் பக்கம் நடந்தது. ரத்தம் போகிற டியூப் இழுபட்டு விறைத்ததும் மிஷின் இரண்டு தடவை கத்தியது.

"ரெண்டு விசிலுன்னா போலாம்னு அர்த்தம் பாய்" என்றார் நம்பி, அந்த நிலைமையிலும்.

பானுப்பிரியா ஓடி வந்து, குழாயைப் பார்த்து, கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"யாருப்பா கட்டில இழுத்தது?"

"நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன். நான் சொன்னா நீ நம்பமாட்ட. பாயக் கேளு."

எடைமேடையில் லாரி ஏறினால் சக்கரம் எல்லாம் கோட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சேக் முகைதீன் முள்ளைப் பார்ப்பார். அந்தப் பழக்கம் கண்ணை விட்டுப் போகவில்லை. கட்டில் குலுங்கத் தொடங்கியதிலிருந்து அவர் கண் சக்கரத்திலேயே இருந்ததை நம்பி பார்த்திருந்தார். அதனால்தான் அவ்வளவு தைரியமாகக் கைகாட்டினார்.

சேக் முகைதீன் தொண்டையைச் செருமினார்.

"தரை வாட்டமா இருக்கும்" என்றார்.

பானுப்பிரியா சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நம்பி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து பாயின் குரல் தணிந்து கேட்டது.

"தாயி, இந்தா, இந்த மாத்திரைய அந்தக் கட்டிலுக்கு அடியில தரையில வை."

"எதுக்கு வாப்பா?"

"வையேன்."

நம்பி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். நல்ல உருண்டை மாத்திரை. லேசாக வாட்டம் இருந்தாலும் உருண்டு வாசலுக்கு ஓடியிருக்கும். வைத்த இடத்திலேயே நின்றது.

"செத்தத் தள்ளி வை."

அங்கேயும் நின்றது. சேக் முகைதீன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த தடவை நம்பி வந்தபோது கதை எதுவும் கொண்டு வரவில்லை. பானுப்பிரியாதான் ஊசியைக் குத்திக்கொண்டே, "கட்டில் நேத்து எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள். "எங்கயும் போகல" என்றார். மிஷின் ஓடத் தொடங்கியது. அவள் அந்தப் பக்கம் போன பிறகு, நம்பி கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"பாய், இனிமே வரலைன்னு பார்க்கேன்."

"எங்க?"

"இங்க."

புளுகு என்ற சொல் வரும் என்று நம்பி காத்திருந்தார். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். வரவில்லை. அந்த வாக்கியத்தில் தேரடி இல்லை, அருவி இல்லை, கழித்துப் பார்ப்பதற்குக் கூடுதலாக ஒரு குன்றிமணி இல்லை. அது பாய்க்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"வீட்டுல தெரியுமா?" என்றார் சேக் முகைதீன்.

"அவ தூங்குதா."

அன்று டாக்டர் வருகிற நாள். வந்தவர் வழக்கம் போலச் சிரித்துக்கொண்டே நம்பி கட்டில் அருகே நின்றார்.

"என்ன நம்பி ஐயா, கட்டில் இப்போ எந்த ஊர்ல இருக்கு?"

பெரிதாக்கிச் சொல்லிப் பார்த்தாயிற்று. இந்த ஒரு தடவை சின்னதாக்கிச் சொல்வோம் என்று நம்பி முடிவு பண்ணியிருந்தார்.

"ஊருக்கெல்லாம் போகல டாக்டர். காலு உதறுது. போன தடவ அதுல கட்டில் ஒரு சாண் நகந்துச்சு. அம்புட்டுத்தான்."

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு. இப்போ ஒரு சாணா? கதை ரொம்ப மெலிஞ்சு போச்சே" என்று சொல்லி டாக்டர் நகரப் பார்த்தார்.

"டாக்டர், செத்த நில்லுங்க."

சொன்னவர் சேக் முகைதீன். டாக்டரை நிற்கச் சொல்லுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"அவரு கால்ல கிடக்க போர்வைய எடுத்துருங்க. அவரப் பேச விடாதிய. காலப் பாருங்க."

டாக்டர் போர்வையை எடுத்தார். ஜன்னலில் மஞ்சள் வெயில். நம்பி மூச்சுக்கூட விடாமல் கிடந்தார். கால் பெருவிரல் மெல்ல விறைத்து மேலே வளைந்தது. பாதம் மடங்கியது. முழங்கால் வெட்டி இழுத்தது. கட்டில் முட்டுக்கட்டையில் இடித்து நின்றது. செத்த நேரம் சும்மா இருந்துவிட்டு, மறுபடியும் பெருவிரல்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நம்பி பார்த்ததில்லை.

"சும்மா படுத்திருந்தாத்தான் வருமா?"

"ஆமா."

"அசைச்சா அடங்குதா?"

"செத்த நேரத்துக்கு."

"எழுந்து நடந்தா போயிருது. சாயங்காலத்துக்கு மேல ஜாஸ்தி. சரியா?"

நம்பி வாயைப் பிளந்தார். தன் கதையை இன்னொருத்தர் வாயால் கேட்பது அவருக்குப் புதுசு.

"டாக்டர், உங்களுக்கும் இருக்கா?"

"எனக்கில்ல. டயாலிசிஸ்ல இருக்கிறவங்க நிறையப் பேருக்கு உண்டு. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேரு. தூக்கத்தையே காலி பண்ணிரும். நீங்க மூணு விதமாச் சொல்லியும் நான்தான் பிடிக்கல."

"பொறுதியில்லாத காலு" என்றார் சேக் முகைதீன்.

நம்பிக்கு நிம்மதிதான். கூடவே கொஞ்சம் மனவருத்தமும் வந்தது.

"நிறையப் பேருக்கா?" என்று கேட்டார்.

ரத்தத்தில் இரும்புச் சத்து எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் ஏற்ற வேண்டும், காலுக்கென்றே மருந்து உண்டு, கிட்னிக்குத் தகுந்தபடி கொஞ்சமாகத் தொடங்கலாம் என்று டாக்டர் விவரம் சொன்னார். முழுசாகப் போய்விடும் என்று சொல்லவில்லை. குறையும் என்றார். கால்மாட்டில் பெடல் ஒன்று வைத்து, படுத்தபடியே மிதிக்கலாம் என்றார்.

"ஆனா பாதியில இறங்கக் கூடாது. பானு, இவரைத் திரும்பக் காலை ஷிப்டுக்கே மாத்திருங்க."

"ரெண்டு பேரையுமா சார்?"

"ரெண்டாவது ஆள் யாரு?"

"ஜாபிருக்கு இப்பம் காலையிலதான் தோது" என்றார் சேக் முகைதீன். இந்தத் தடவை முதல் தடவையைவிடச் சரளமாக வந்தது. பிறகு நம்பியைப் பார்க்காமலே, "வருவீருல்லா?" என்று கேட்டார்.

நம்பி காலை ஒரு தடவை உதறிக்கொண்டார்.

"வாரேன்" என்றார். அதிலும் கூடுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை.

டாக்டர் எழுந்தார். ஸ்டூலை ஓரமாகத் தள்ளியவருக்கு ஏதோ நினைவு வந்து திரும்பினார்.

"பாய், கால் சரி. அந்தக் கட்டில்? ஊசி குத்தின ஆளை வச்சுக்கிட்டு இது ஒரு சாண் நகர்ந்துச்சா? நீங்க சொன்னா நம்புறேன்."

"அத விடுங்க டாக்டர்" என்று நம்பி முந்தினார். "பாய் கண்ண மூடியிருந்தாக. தரை வேற வாட்டம்."

சேக் முகைதீன் தரையைப் பார்த்தார். டைல்ஸின் ஒரு கோட்டைப் பார்த்தார், அதைத் தாண்டி இன்னொரு கோட்டைப் பார்த்தார்.

"தரையில வாட்டம் இல்ல டாக்டர், நான் சோதிச்சுட்டேன்" என்றார். "சாணும் இல்ல. ஒரு முழம் போச்சு. நான் பார்த்தேன்."